கோழிகளின் எலும்பு கேட்கும் ஊர்

கல்லாங்காட்டூரில் கோழிகளின் எலும்பு முறிகிற சத்தம் மனிதர் காதில் விழத் தொடங்கியது ஆனி மாதத்தில் ஒரு காலை, சொசைட்டியில் பால் ஊற்ற வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் தங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டபோது. விரலில் சொடக்கு எடுத்தது போன்ற சின்னச் சத்தம். அது தூரத்திலிருந்து வரவில்லை. அவரவர் காதுமடலுக்குப் பின்னாலிருந்து வந்தது. பால் ஊற்றியவருக்கு எப்படிக் கேட்டதோ அப்படியே ஊரின் மறுகோடியில் தறி ஓட்டியவருக்கும் கேட்டது, மாவு அரைத்துக்கொண்டிருந்தவளுக்கும் கேட்டது, காது மந்தமென்று நாலு வருடமாக யாரோடும் பேசாமலிருந்த தபால்காரருக்கும் கேட்டது. ஒவ்வொருவரும் அது தன் எலும்பு என்றே நினைத்தார்கள். அந்த வாரம் முழுக்கப் பக்கத்து டவுனில் எலும்பு டாக்டர்களின் வாசலில் கல்லாங்காட்டூர்க்காரர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். படம் எடுத்துப் பார்த்ததில் யாருக்கும் ஒன்றுமில்லை.

அது யாருடைய எலும்பு என்பது சென்னியப்பன் பண்ணையில் முட்டை ஓய்ந்த கோழிகளை லாரியில் ஏற்றிய அன்று தெரிந்தது. ஓய்ந்த கோழியை யாரும் தூக்குவதில்லை. கூண்டுக்குள் கைவிட்டு, ஒரு கைக்கு நாலு காலாகப் பிடித்து உருவுவார்கள். அன்று காலை முதல் உச்சிவரை ஊர் முழுக்கப் பொரி வறுக்கிற சத்தம் கேட்டது. சோற்றில் கை வைத்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். லாரி கிளம்பி ஊர் எல்லையைத் தாண்டியதும் சத்தம் நின்றது. நின்றபிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஆனால் ஊர் என்பது எதையும் செரித்துவிடும் ஒரு வயிறு. பல்லி சொல்லுக்குப் பலன் பார்த்துப் பழகிய ஊர், எலும்புச் சொல்லுக்கும் பலன் பார்க்கத் தொடங்கியது. பெண் பார்க்கப் போன இடத்தில் பேச்சு நடக்கும்போது ஒரு சொடக்குக் கேட்டால் சம்மதம். அடுத்தடுத்து இரண்டு கேட்டால் எழுந்து வந்துவிடலாம். "கோழியே சொல்லிருச்சு, அப்புறம் என்ன யோசனை?" என்று நிலத்தரகர்கள் சொல்லத் தொடங்கினார்கள். ஆடி பிறப்பதற்குள் திசைவாரியாகப் பலன் போட்ட காலண்டர் கடைகளில் தொங்கியது. வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண்களுக்கு முதல் இரண்டு நாள் ஒன்றும் கேட்காது. மூன்றாம் நாள் கேட்டுவிடும். கேட்டதும் மாமியார் சர்க்கரை கொடுப்பாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் சத்தம் வரும்போது ஒரு நொடி நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முட்டை தின்பதை யாரும் விடவில்லை.

ஊரே செரித்ததைச் செரிக்க முடியாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் செங்கோடன், சுமைதூக்குவோர் மற்றும் கோழிப்பண்ணைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். எட்டாவதோடு பள்ளியை முடித்துவிட்டு மீதிப் படிப்பை எட்டுப் பக்க வெளியீடுகளில் படித்தவர். மூன்று முறை சிறைக்குப் போனவர். ஐம்பது வருடத்தில் ஒரு கோரிக்கையைக்கூட முழுதாக வென்றறியாதவர். அந்தத் தோல்விகளை அவர் மற்றவர்கள் நகையை வைத்திருப்பது போல வைத்திருந்தார். இன்னொருவர் அவர் மனைவி நல்லம்மா. இருபது வருடம் சென்னியப்பன் பண்ணையில் முட்டை பொறுக்கியவள். போன வருடம் ஷெட்டுப் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, ஆணி வைத்துத் தைத்து, கட்டிலில் கிடந்தாள். சத்தம் தொடங்கிய நாளிலிருந்து அவள் தூங்கவில்லை. தூங்குவதே இல்லை என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனால் கல்லாங்காட்டூரில் அப்போது நடந்தவற்றில் அது ஒன்றும் பெரிய மிகையில்லை. கன்னம் உள்ளே போய், கண் வெளியே வந்து, சேலைக்குள் அவள் இருக்கிறாளா என்று தடவிப் பார்க்கிற அளவுக்கு இளைத்துவிட்டாள்.

"இப்பக் கேட்டுதுங்களா?" என்பாள்.

"கேட்டுது. கண்ண மூடு."

"மூடுனா இன்னுந் தெளிவாக் கேக்குதுங்க. அது மூணாவது வரிசை. பாவம், காலு."

"எல்லாரும் தூங்கறாங்கல்ல நல்லம்மா?"

"எல்லாருக்கும் காதுல கேக்குது. எனக்கு ஆணி வச்ச எடத்துல கேக்குது."

டவுன் டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். மாத்திரை தூங்கியது, அவள் தூங்கவில்லை. இப்படியே போனால் தை மாதத்தைப் பார்ப்பது கடினம் என்று அவர் செங்கோடனை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். செங்கோடன் வீட்டுக்கு வந்து, சட்டையை மாற்றாமல், ஒரு துண்டறிக்கை எழுதினார்.

அவர் எழுதியதில் பொய் எதுவுமில்லை. கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கிற இடம், அதைப் படிக்கிறவர் கையிலிருக்கும் துண்டறிக்கையின் அகலமும் நீளமும்தான். அதில் நடக்க முடியாது, இறக்கையை விரிக்க முடியாது, பொழுது சாய்ந்தால் ஏறி அடைவதற்கு ஒரு கம்பு கிடையாது. முட்டைக்கு ஓடு வேண்டும், ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டும், தீவனத்தில் கலக்கிற கிளிஞ்சல் போதாதபோது கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். ஓடி ஆடுகிற உடம்பென்றால் கொடுத்த எலும்பு கொஞ்சமாவது திரும்ப ஊறும். நின்ற இடத்தில் நிற்கிற உடம்புக்கு அதுவும் ஊறாது. கடைசியில் எலும்பு பொரித்த அப்பளம் போலாகிவிடும். "நாம் உடைத்துத் தின்பது ஓட்டை அல்ல, எலும்பை" என்று முடித்திருந்தார். ஊர்க்காரர்கள் அதை வாங்கி, வடை வைத்துத் தின்றார்கள்.

"மாமா, நோட்டீசு நல்ல கனமான தாளுங்க, எண்ணெய் கையில ஒட்டறதே இல்ல" என்றான் ராக்கியண்ணன். சங்கத்தில் மூட்டை தூக்குவதிலும் வாய் பேசுவதிலும் முதல் ஆள் அவன்.

"படிச்சியாடா?"

"எதுக்குங்க படிக்கோணும்? அதுதான் காதுலயே கேக்குதே."

கூண்டை எடுக்கச் சொல்லி வேலைநிறுத்தம் என்று முடிவுசெய்தும் செங்கோடன் அவசரப்படவில்லை. புரட்டாசியில் ஊரில் பாதிப்பேர் முட்டை தின்னமாட்டார்கள். அந்த மாதத்தில் முட்டைப் பண்ணையில் வேலைநிறுத்தம் செய்கிறவன் முட்டாள். நல்லம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து புரட்டாசியைப் பல்லைக் கடித்துத் தள்ளினார். ஐப்பசி பிறந்ததும் சுமைதூக்குகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். லாரிகள் வெறுமனே நின்றன. கோழிகள் நிற்கவில்லை, வேலைநிறுத்தம் தெரியாத தொழிலாளிகள் அவை மட்டும்தான், அதனாலேயே வேலைநிறுத்தத்தை நடத்திக் கொடுத்தவையும் அவைதான். அட்டை அட்டையாக முட்டை ஏறி, கிடங்கை நிறைத்து, ஆபீசை நிறைத்து, சென்னியப்பன் உட்காரும் நாற்காலியையும் நிறைத்து, கடைசியில் நாற ஆரம்பித்தது.

சென்னியப்பன் கெட்டவன் இல்லை, கெட்டவனாக இருக்கவேண்டிய அவசியம் அவனுக்கு அதுவரை வந்ததில்லை. அவன் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் மெகருன்னிசாவையும் கூட்டிக்கொண்டு சங்க ஆபீசுக்கே வந்தான்.

"செங்கோடண்ணா, கூண்டை எடுத்தர்றேன். போதுமுங்களா? இப்ப இருக்கற கோழி கூண்டுலயே இருந்துட்டுப் போவட்டும். புதுக்குஞ்சு உடறப்ப மொதல்ல இருந்தே கீழ உட்டு வளர்த்தறேன். ஒண்ணரை வருசத்துல ஒரு கூண்டு இருக்காது. டாக்டரம்மா சொல்ற மாதிரியே."

டாக்டர் சொன்னார்: "ஐயா, கூண்டிலேயே வளர்ந்த கோழியைத் திடீர்னு திறந்து விடக்கூடாது. அதுக்கு இறக்கை இருக்கும், பழக்கம் இருக்காது. எலும்பும் தாங்காது. குஞ்சிலேயே கீழே விட்டு, தாழ்வான கம்பில் ஏறப் பழக்கி, ஏறி இறங்க ஏணிச்சாய்ப்பு வச்சு, மெதுவாத்தான் கொண்டுவரணும். திறந்த ஷெட்டிலேயே பிறந்து வளர்ந்த கோழிகூட உயரத்திலிருந்து விழுந்தா நெஞ்செலும்பு போயிடும்."

செங்கோடன் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.

"டாக்டரம்மா, நீங்க நல்லவங்க. ஆனா இந்தப் பேச்சை நான் இருபது வயசுல இருந்து கேக்கறேன். இவங்கப்பன் எங்ககிட்டச் சொன்னதும் இதேதான். உங்களுக்கு இன்னும் பழக்கம் பத்தாது, ஒரேயடியாக் குடுத்தா தாங்கமாட்டீங்க, கொஞ்சங் கொஞ்சமாத் தர்றோம். கொஞ்சங் கொஞ்சமாத் தந்தாங்க, கொஞ்சங் கொஞ்சமா நிறுத்திட்டாங்க."

அது உண்மை. பல வருடங்களுக்கு முன்னால் சங்கம் ஒரே ஒரு தடவை கூலி உயர்வை நாலு தவணையாக வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. முதல் தவணை வந்தது, இரண்டாவது பாதியாக வந்தது, மூன்றாவது வருவதற்குள் முதலாளி பெயரை மாற்றிக்கொண்டு வேறு கம்பெனியாகிவிட்டான். அன்றிலிருந்து தவணைக்கு ஒப்புகிறவனுக்குச் சங்கத்தில் இடமில்லை என்பது கல்லாங்காட்டூரின் வழக்கம். சாமி கும்பிடுகிறவர்களும் கும்பிடாதவர்களும் ஒன்றுபோல மதித்த ஒரே வழக்கம். தவணை என்பது முதலாளி மெதுவாகச் சொல்கிற இல்லை என்று செங்கோடன் ஆயிரம் கூட்டத்தில் பேசியிருக்கிறார். மேலும், ஒன்றரை வருடம் என்பது கட்டிலில் கிடந்தவளுக்கு ஒன்றரை வருடமாக இருக்கவில்லை.

"எல்லாக் கூண்டும். ஒரே நாள்" என்றார். "கம்பும் கட்டோணும். நல்ல ஒசரமா."

"எவ்வளவு ஒசரமுங்க?" என்றான் சென்னியப்பன், தோற்றவன் குரலில்.

செங்கோடன் எழுந்து நின்று கையைத் தலைக்குமேல் நீட்டினார். "இத்தன நாள் கெடந்தது போதும்."

டாக்டர் மெகருன்னிசா தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "ஐயா, அவர் தவணை கேட்கலை, நான்தான் கேட்டேன்" என்றார். அந்த நேரத்தில் வெளியே கோஷம் தொடங்கிவிட்டிருந்தது.

அப்படித்தான் செங்கோடன் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோரிக்கையை முழுதாக வென்றார். கூண்டுகளைத் திறந்த காலையில் ஊரே பண்ணைக்கு வந்திருந்தது. மைக்கும் வந்திருந்தது.

"மாமா, கோழிக்கு எதுக்குங்க மைக்கு?" என்றான் ராக்கியண்ணன்.

"உனக்குடா. கோழிக்குச் சொன்னாப் புரியும்."

ஒவ்வொரு கோழியையும் மார்போடு அணைத்து எடுத்துக் கீழே விடவேண்டும், காலைப் பிடித்து உருவினால் கையை ஒடித்துவிடுவேன் என்றார் செங்கோடன். சுமைதூக்குகிறவர்கள், எண்பது கிலோ மூட்டையை முதுகில் எறிந்துகொள்கிறவர்கள், பச்சைப்பிள்ளையை வாங்குவதுபோலக் கோழியை வாங்கி உமி பரப்பிய தரையில் நிற்கவைத்தார்கள். கோழிகள் நின்றன. ஒன்று காலைத் தூக்கி, கம்பி இல்லாத தரை எங்கே முடிகிறது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தது. பிறகு ஒன்று நடந்தது. பிறகு எல்லாம் நடந்தன, உமியைச் சீய்த்தன, அதிலேயே புரண்டு குளித்தன. ஒரு சத்தமில்லை. காதுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் கேட்டதை ஒரேயடியாக இழந்த ஊர் கொஞ்சம் தடுமாறிப் போனது. பெண் பார்க்க வந்தவர்கள் சம்மதமா இல்லையா என்று தெரியாமல் காப்பி ஆறும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

செங்கோடன் வீட்டுக்கு ஓடினார். நல்லம்மா கண்ணை மூடித் தூங்கியிருந்தாள். இமைக்குள்ளே விழி அசையவில்லை. அவர் கட்டிலுக்கருகே தரையில் உட்கார்ந்துகொண்டார். பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்து, வாசலில் காய்கறிக்காரன் கத்தினால் கையைக் காட்டி விரட்டி, தாலுகா அலுவலக வாசலில், போலீஸ் வேனில், கோர்ட்டுத் தாழ்வாரத்தில், வெயிலில், மழையில், யாருமே வராத கூட்டங்களில் கழிந்த ஐம்பது வருடமும் இந்த ஒரு பகலுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததில் அவருக்குக் கொஞ்சம் அழுகை வந்தது, அதைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்தது. அது கோழி அடைகிற நேரம்.

வெளிச்சம் மஞ்சளாகும்போது ஒரு கோழிக்குள்ளே எதுவோ மேலே போ என்கிறது. கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்த கோழிக்கும் அது சொல்கிறது. அவை தலையைச் சாய்த்து, செங்கோடன் கேட்டு வாங்கிய உயரத்தைப் பார்த்தன. ஒன்று எழும்பியது. இறக்கையை அடித்துப் பாதிவரை போய், கம்பில் நெஞ்சு மோதி, விழுந்தது. அடுத்தது எழும்பியது. எப்படியோ ஏறிவிட்ட சிலதும் நிற்கத் தெரியாமல் சரிந்தன. விழுந்தவை எழுந்து மறுபடியும் எழும்பின, ஏனென்றால் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது.

கல்லாங்காட்டூரில் அதுவரை கேட்டதெல்லாம் ஒன்றுமில்லை என்றானது. தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவது போல, நெருப்பில் பச்சை மூங்கில் வெடிப்பது போல, ஊரில் ஒவ்வொரு ஆளின் காதுக்குப் பின்னாலும் ஒரு ஷெட்டு நிறையக் கோழிகள் விழுந்தன. பேருந்து நின்றது. தறிகள் நின்றன. நல்லம்மா கண்ணைத் திறந்தாள்.

"என்னங்க பண்ணீங்க?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அவர் பண்ணைக்கு ஓடியபோது டாக்டர் மெகருன்னிசா முன்னமே அங்கே முழங்காலிட்டு, ஒரு கோழியின் நெஞ்சை விரலால் தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த கோழியை எடுத்தார். நான் சொன்னேனே என்று அவர் சொல்லியிருந்தால் செங்கோடனால் சண்டையாவது போட்டிருக்க முடியும்.

"ரம்பம் கொண்டாடா" என்றார் ராக்கியண்ணனிடம்.

"மாமா, நான் அறுக்கறனுங்க. நீங்க உக்காருங்க."

"கொண்டாடா."

சங்கத்துக்காரர்கள் சுற்றி நின்று பார்க்க, அவரே கம்பைத் தாங்கிய கால்களை ஒவ்வொன்றாக அறுத்தார். முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். மரத்தூள் வேர்வையில் ஒட்டியது, ராக்கியண்ணன் அறுந்து விழுந்த கட்டைகளை ஒதுக்கிப் போட்டான். கம்பு தாழ்ந்தபிறகும் கோழிகள் தீவனத் தொட்டியின் மேலே, தண்ணீர்க் குழாயின் மேலே, உயரமென்று கண்ணில் பட்டதன் மேலெல்லாம் எழும்பின. இருட்டு வந்துதான் நிறுத்தியது. இருட்டிவிட்டால் கோழி பறக்காது.

மறுநாள் பொழுது சாய்வதற்கு முன் ஊர் பண்ணைக்கு வந்தது. யாரும் கூப்பிடவில்லை, துண்டறிக்கை அடிக்கவில்லை. சோறு இறங்கவில்லை, அதனால் வந்தார்கள். உமியில் உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு மூன்று கோழியை மடியில் இழுத்து வைத்து, மஞ்சள் வெளிச்சம் போகும்வரை மெதுவாக அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். தபால்காரர் வந்தார், கணக்கு வாத்தியார் வந்தார், காலண்டர் போட்ட ஆளும் வந்தார். பிடித்திருந்த கோழிகள் எழும்பவில்லை. ஆள் கிடைக்காத மூலைகளில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றும் சொடக்கியது. இரண்டே நாளில் அதுவும் ஊர் வழக்கமாகிவிட்டது. சாயங்கால டியூஷன் ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. "விருந்துக்கு வாங்க, ஆனா கோழி புடிச்சுட்டு வாங்க" என்றார்கள். மருமகளை அனுப்பிவிட்டு வீட்டில் சீரியல் பார்த்த மாமியார்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அரை மணி நேரம் கோழியைப் பிடிக்க ஒரு ஊரே வேண்டியிருந்தது என்பதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. செங்கோடனுக்கு மட்டும் கசப்பு. சென்னியப்பனுடைய பண்ணையில், சென்னியப்பனுடைய கோழியை, கூலியில்லாமல், சங்கமே உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தது.

பிடிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் முட்டை அட்டை தள்ளுகிற வண்டியில் நல்லம்மா வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் தலையணை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"உன்னை யாரு கூட்டியாரச் சொன்னது?" என்றார் செங்கோடன்.

"நாந்தான். இருபது வருசம் இங்க வேலை பாத்தவ நானா நீங்களா?" என்றாள். "அங்க ஒத்தையில படுத்துக் கேக்கறதுக்கு இங்க உக்காந்து கேக்கறன். ஒண்ணு குடுங்க."

அவர் ஒரு கோழியைத் தேடி எடுத்தார். விழுந்த கோழி, நெஞ்சில் முறிந்த இடம் முடிச்சாகப் புடைத்திருந்தது. நல்லம்மா அதை வாங்கி, ஆணி வைத்த இடுப்புப் பக்கம் சேலையில் பொதிந்து வைத்துக்கொண்டாள். இருபது வருடத்தில் லட்சக்கணக்கான முட்டையை எடுத்திருக்கிறாள், கோழியை எடுத்ததில்லை என்றாள்.

"சூடா இருக்குதுங்க."

"ம்."

"மூச்சு உடுது பாருங்க. இங்க வச்சுப் பாருங்க கைய."

அவர் கையை வைத்தார். அவள் தலை அவர் தோளில் சாய்ந்தது. வெளிச்சம் மஞ்சளிலிருந்து சாம்பலானது. ஷெட்டின் தூர மூலையில் ஒரு சொடக்குக் கேட்டது. செங்கோடன் அவள் முகத்தைப் பார்த்தார், கேட்டுதுங்களா என்று அவள் கேட்கவில்லை. இன்னொன்று கேட்டது. அவள் வாய் கொஞ்சம் திறந்து, குறட்டைக்கு முந்தின மெல்லிய சத்தம் வந்தது. கோழியும் கண்மேல் தோலை ஏற்றிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சென்னியப்பன் டாக்டரோடு வந்து எதிரே குந்தினான்.

"செங்கோடண்ணா, பேசிரலாமுங்களா? இதுக இருக்கறவரைக்கும் இப்படியே புடிச்சுக்கலாம். அடுத்த குஞ்சு டாக்டரம்மா சொன்ன மாதிரி கீழயே உட்டு, கொஞ்சங் கொஞ்சமா ஒசரம் ஏத்தி... ஒண்ணரை வருசம் ஆகுமுங்க. முழுசாச் சத்தம் நிக்கும்னு டாக்டரம்மாளே சொல்லமாட்டேங்கறாங்க. கொறையும்னுதான் சொல்றாங்க. சம்மதமுங்களா?"

சங்கத்துக்காரர்கள் மடியில் கோழியோடு திரும்பிப் பார்த்தார்கள். ராக்கியண்ணன் பார்த்தான். ஐம்பது வருடமாக இப்படியொரு பேச்சுக்கு அவர் கொடுத்துவந்த பதில் தொண்டைவரை வந்து நின்றது. அதற்குச் சத்தம் வேண்டும், எழுந்து நிற்கவேண்டும், கையை உயர்த்தவேண்டும்.

"அண்ணா, கேக்குதுங்களா? தவணைக்குச் சம்மதமான்னு..."

"மெதுவாப் பேசுடா" என்றார் செங்கோடன், உதடு மட்டும் அசைய. "தூங்கறா."

பிறகு தோள் அசையாமல், தலையை மட்டும் மேலும் கீழுமாக ஆட்டினார்.